கட்டிலடிக் கை

கல்யாணப் புடவை தறியில் இருக்கும்போது பேய்க்கதை படித்தால் புடவைக்குத் தோஷமாம். இந்தச் சட்டத்தை என் மச்சாண்டார் லோகநாதன் போட்டே முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அதுவரை இந்த வீட்டில் யாரும் பேய்க்கதை படித்ததில்லை. சட்டத்துக்கும் வேலை இருக்கவில்லை.

நான் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்தது பதினான்கே பக்கக் கதை. நூறு வருஷத்துக்கு முன் யாரோ எழுதியது. ஒரு பழைய வீடு. அங்கே கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால், அடியிலிருந்து ஒரு கை வந்து கால் விரல்களை எண்ணும். இழுக்காது, கிள்ளாது. எண்ணும், அவ்வளவுதான். ஐயோ, என்ன சுகமான பயம்! மத்தியானச் சோறு ஆறியதுகூடத் தெரியாமல் பத்துப் பக்கம் படித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மச்சாண்டார் வந்து புத்தகத்தைப் பிடுங்கினார்.

“சொல்லியும் இன்னா படிச்சிகினு இருக்கற பரிமளா? ஜல்தி கொண்டுபோயி லைப்ரரில குடுத்துட்டு வா. இனிமே இந்த ஊட்டுக்குள்ள கதை பொஸ்தகமே வரக் கூடாது.”

பக்கத்துத் தறியில் என் வீட்டுக்காரர் குமரேசன் இருந்தார். அண்ணன் பேசினால் அவருக்குக் காது கேட்காது. பத்து வருஷமாக இப்படித்தான். தேவிகாபுரம் திருவிழாவுக்குத் தனியாகப் போகாதே என்றார் மச்சாண்டார், சரி என்றேன். போனில் சிரித்துப் பேசாதே என்றார், அதற்கும் சரி. இதையும் விட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?

“இன்னா தோஷம்னு முழுசா படிச்சிட்டுச் சொல்லுங்க மாமா. முடிச்சிட்டு அப்பவும் வேணாம்னா, நான் இனிமே தொடல.”

மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் தறிப் பலகையில் உட்கார்ந்து, மிதிக்கட்டை இருக்கும் குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். ஆறாம் பக்கத்தில் வலது கால் மேலே வந்தது. இன்னும் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் இடது காலும் ஏறிச் சம்மணம் ஆகிவிட்டது. பத்தாம் பக்கத்தில் புத்தகத்தைப் பலகைமேல் வைத்துவிட்டார்.

“ஒரே பேஜாரு. இதெல்லாம் சும்மா.”

“இன்னும் நாலு பக்கம் இருக்கே மாமா. சும்மான்னா காலைக் கீழ உட்டுகினு படிங்க.”

“மூட்டு வலிக்குது.”

குமரேசனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அது சிரிப்புதான் என்று எனக்குத் தெரியும்.

மச்சாண்டார் எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். இரண்டு காலையும் குழிக்குள் விட்டேன். உள்ளே சில்லென்று இருந்தது. பயம் எனக்கும்தான். ஆனால் இது நானே கேட்டு வாங்கிய பயம். இந்த வீட்டில் மற்ற பயமெல்லாம் அடுத்தவர் என் தலையில் கட்டியவை.

விட்ட இடத்திலிருந்து உரக்கப் படித்தேன். கை எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. மச்சாண்டார் வெளியே போகிறவர்போல் வாசல்வரை போய் அங்கேயே நின்றுவிட்டார். கடைசிப் பக்கம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் படித்தேன். குழிக்குள் என் பத்து விரலும் சுருண்டுகொண்டன.

“அப்புறம் இன்னாச்சு?” என்றார் மச்சாண்டார்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மிதிக்கட்டையை மிதித்தேன்.

“நீங்கதான் லைப்ரரில குடுத்துடச் சொன்னீங்களே மாமா. சாயங்காலம் குடுத்துடறேன், அங்க போயி படிச்சிக்குங்க. நான் இத்தவிடப் பெரிய பேயா பாத்து எடுத்தாரேன்.”