ஒசாகாவிலிருந்து ஓர் அழைப்பு

குவான் யெபங்குக்கு இணையத்தில் முப்பத்துநாலு லட்சம் ரசிகர்கள். அவர்களுக்கு அவன் 'வாளண்ணன்'. ஜப்பான் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், வாளை உருவிவிடுவான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவன் ஆத்திரத்தை வைத்துப் பிழைப்பே நடத்தினான். அவன் ஊரான ஷென்யாங்கின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வருஷம் இரண்டு முறை வந்து நுரையீரல் அறுவை செய்துகொண்டிருந்தார் ஒரு ஜப்பான் டாக்டர். இரண்டு வருஷத்துக்கு முன் யெபங் போட்ட ஒரே வீடியோ அவரை விரட்டியது. ரசிகர்கள் திரண்டு வந்து திட்டியதில் மிரண்டுபோன அதிகாரிகள் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள்.

இந்த வருஷம் அவன் அம்மாவுக்கு நுரையீரலில் கட்டி. உள்ளூர் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். யாரை விரட்டினானோ அவரிடமே, ஒசாகாவுக்கு, அம்மாவை ரகசியமாக அழைத்துப் போனான். வேறு யாரிடம் போவான், பாவம்.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி செப்டம்பர் பதினெட்டு. தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஜப்பான் படை ஷென்யாங்குக்குள் புகுந்த நாள். அன்று காலை ஒன்பது பதினெட்டுக்கு ஷென்யாங் முழுக்கச் சங்கு ஊதும். வருஷாவருஷம் அந்த நேரத்தில் வாளண்ணன் சாலையில் நின்று நேரலையில் வருவான். வராவிட்டால் எங்கே போனான் என்று தோண்டுவார்கள். தோண்டக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

"நீ கெளம்புப்பா," என்றாள் அம்மா. "அறுக்கப் போறது டாக்டரு. நீ நின்னு கத்தியா எடுத்துக் குடுக்கப் போற? ஜப்பான்காரன் ஊர்ல கஞ்சி குடிச்சுட்டு அவனத் திட்ட உன்ன விட்டா யாரு இருக்கா?"

"ஆபரேஷன் மத்தியானம்தானே. அதுக்குள்ள நேரலைய முடிச்சுட்டு நானே கூப்பிடறேன். நீ மட்டும் கூப்பிட்டுடாதம்மா."

"கூப்பிட மாட்டேன், போ."

பதினெட்டாம் தேதி சங்கு ஊதி ஓய்ந்தது. மனைவி சுன்யான் கேமராவைப் பிடித்திருக்க, யெபங் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். கையிலிருந்த இன்னொரு போன் அடித்தது. 'ஜப்பான், ஒசாகா' என்று அதன் திரையில் பளிச்சென்று வந்ததைக் கேமராவும் பார்த்துவிட்டது.

"வாளண்ணே, அங்க யாருண்ணே உங்களுக்குச் சொந்தம்?" என்று ஒருவன் எழுதினான்.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போட்டு நாலு வாங்கு வாங்குங்க."

"எடுக்கலைன்னா சந்தேகம்தான்."

யெபங்குக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எடுத்தான்.

"சாப்பிட்டியாப்பா?" அம்மாவின் குரல். "இப்பவே உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம். அதான் ஒரு வார்த்த பேசிட்டு..."

"யாரு கெழவி நீ?" என்று யெபங் கத்தினான். "யாருக்குப் போன் போடற? இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா? இன்னைக்குப் போய் அவன் காலடியில கெடக்கிறியே, வெக்கமா இல்ல?"



"நம்பர் மாறிப்போச்சு தம்பி," என்றாள் அம்மா. "ரொம்பக் கத்தாதீங்க. தொண்ட கட்டிக்கும்."

அவள் வைத்துவிட்டாள். நேரலையில் ரசிகர்கள் அனுப்பிய காசுப் பரிசுகள் கொட்டின. 'துரோகிக் கெழவி சாகட்டும்னு சொல்லுண்ணே' என்று ஒருவன் ஆரம்பித்தான். பிறகு ஆயிரம் பேர். யெபங் சுன்யானைப் பார்த்தான். அவள் கேமராவை இறக்கவில்லை. அவன் சொன்னான், கணீரென்று, இரண்டு முறை.

மத்தியானத்துக்குள் அந்தத் துண்டு வீடியோவை ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். மாவட்டப் பிரச்சார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பழக்கூடையோடு வீட்டுக்கே வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்றுச் சொல்லிக்கொடுக்க இவனை அனுப்பப் போகிறார்களாம். யெபங் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அந்த ஒசாகா எண் நாலு முறை வந்தது. நாலு முறையும் துண்டித்தான்.

"பாருங்க, விடாம தொல்லை பண்றானுங்க," என்று அதிகாரி சிரித்தார்.

அடுத்ததாகச் சுன்யானின் போன் அடித்தது. அவள் சமையலறைக்குப் போய்ப் பேசினாள். அங்கிருந்தே அவனுக்குச் செய்தி அனுப்பினாள்: "அத்தை கண்ணே தொறக்கல. முடிஞ்சுபோச்சு. உடம்ப ஊருக்கு அனுப்பணுமான்னு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க."

அனுப்பினால் சுங்கத்தில் பெயர் இருக்கும், மகன் பெயரும் இருக்கும். படம் பிடிக்க எவனாவது இருப்பான். யெபங் அதிகாரியின் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, மேசைக்கடியில் போனை வைத்துப் பதில் எழுதினான்.

"அங்கயே எரிச்சிடச் சொல்லு. சாம்பலும் வேணாம்."