மாப்பிள்ளைப் படி

விசாரணைக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சன்னலோரம் இன்ஸ்பெக்டர். அவருக்கு எதிரே, வெளிச்சம் கண்ணில் படாதபடி சற்றுத் தள்ளி, பிணப் பரிசோதனை டாக்டர். மேசையின் ஒரு முனையில் பேனாவைத் திறந்தபடி எழுத்தர். மறுமுனையில், புதைத்த இடத்தைத் தோண்டி மண்ணையும் எலும்பையும் படித்து நடந்ததைச் சொல்கிற தடயத் தொல்லியலாளர். அந்தப் பட்டம் யார் வாயிலும் நுழையாததால் அவளைக் குழியம்மா என்றே கூப்பிட்டார்கள். சுவரோரம் அவளுடைய கணவர், அதே அலுவலகத்தில் குழிகளை அளந்து படம் வரைகிறவர். அவருக்கு வலப்பக்கத்து நாற்காலியில் செத்தவன்.

பழைய கிடங்கின் பின்புறம் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் ஒரு கை எலும்பைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தியதில் எல்லாம் தொடங்கியது. குழியம்மா போய்க் கரண்டியும் தூரிகையுமாக மண்ணை விலக்கி, அவனை முழுசாக எடுத்து வந்து, கழுவி உலர்த்தி, மேசைமேல் தலை முதல் கால் வரை வரிசையாக அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். படுக்க வைத்தார்கள், மறுநாளும் உட்கார்ந்திருந்தான். "உக்காரட்டும்மா, எந்திரிச்சு ஓடாம இருந்தா சரி" என்றார் இன்ஸ்பெக்டர். ஈரம் காயும்போது மூட்டுகள் இப்படிச் செய்வதுண்டு என்றார் டாக்டர். எழுத்தர் மட்டும், வந்தவர்கள் கணக்கில் இவனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மேலிடத்தைக் கேட்டார். பதில் வராததால் சேர்த்துக்கொண்டார்.

வெளியூர் வேலை முடிந்து கணவர் திரும்பிய அன்றிலிருந்துதான் அவன் இடம் பார்த்து உட்கார ஆரம்பித்தான். அவர் எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு வலப்பக்கம். நாற்காலியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், எடுத்தும் பார்த்தார்கள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சாருக்கு வேண்டப்பட்டவர் போல" என்றார் எழுத்தர். "இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்குது?" என்று கணவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார்.

குழியம்மா சிரிக்கவில்லை. கழுவும்போதே அவனுடைய தோளோரக் காறை எலும்பு ஒடிந்து கோணலாக ஒட்டியிருந்ததைப் பார்த்திருந்தாள். அவள் தம்பிக்கும் அப்படித்தான். மதில்மேல் நடந்து காட்டுகிறேன் என்று ஏறி விழுந்தவனை அவள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உலகத்தில் ஆயிரம் பேருக்குக் காறை எலும்பு கோணல் என்று மனசுக்குச் சொன்னாள். தம்பிதான் கண்காணாத தேசத்தில் இருக்கிறானே. மாமாவோடு, அதாவது அவள் கணவரோடு, ஏதோ வாய்த்தகராறு, அக்காவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டான். ரயிலேற்றிவிட்டு வந்ததாகக் கணவரே சொன்னார். பெற்றவள் படுத்த படுக்கையாகக் கிடந்து, வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணை மூடியபோதும் அவன் வரவில்லை. நன்றி கெட்டவன், இனி அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அவள் பொருமினாள். சின்னப் பையன்தானே, விடு என்று கணவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். இத்தனை நல்ல மனுஷனை விட்டுப் போனானே என்று அதற்கும் சேர்த்துத் தம்பியைத் திட்டினாள்.

ஆனால் மண் வேறு கணக்குச் சொன்னது. கொன்றவன் அவசரத்தில் மூடுவான். அடிமண் மேலும் மேல்மண் அடியிலுமாகக் கூட்டாஞ்சோறு போலக் கலந்து கிடக்கும். இந்தக் குழியிலோ மண் இருந்த வரிசைக்கே திரும்பியிருந்தது. அடியில் செம்மண், அதன்மேல் சாம்பல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு மண். தோண்டிய இடத்தைத் தோண்டாத இடம் போல மூடி வைப்பது அவள் தொழில்காரர்களின் பழக்கம். ஆளைப் புதைக்கும்போதும் பழக்கம் கையை விட்டுப் போவதில்லை. "நல்ல கைக்காரன் வேலை" என்று முதல் நாள் அவளே வாய்விட்டுப் புகழ்ந்திருந்தாள். கடைசியாகக் குழியின் சுவரைத் துலக்கியபோது ஒரு மூலையில் படி தெரிந்தது.

அந்தப் படிக்கு மாப்பிள்ளைப் படி என்று பெயர். கல்யாணமான புதிதில், பெண்டாட்டி குழியிலிருந்து ஏறச் சிரமப்படுகிறாளே என்று, அவள் இடது கைக்காரி என்பதால் அந்தக் கை ஊன்ற வாகான மூலையாகப் பார்த்து, கணவர் ஒரு படி வெட்டினார். கூட வேலை செய்தவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. கேலி செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். படி வெட்டும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அவள் இறங்காத குழியிலும் அந்த மூலையில் அதை வெட்டித்தான் அவர் ஏறுவார். குழியம்மா அதில் கால் வைத்துப் பார்த்தாள். காலுக்கு அளவாக இருந்தது.

கூட்டத்தில், குழி என்ன சொல்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, எழுத்தில் தருகிறேன் என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் சமையலறையில் கணவர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது, "படியைப் பாத்துட்டேன்" என்றாள். அவர் குழாயை மூடினார். மறுக்காமல் நடந்ததைச் சொன்னார். வேலையில் தோண்டி எடுத்த வெண்கலச் சிலை ஒன்றை அவர் அந்தக் கிடங்கில் வைத்து வெளியாளிடம் ரகசியமாக விற்றதை மச்சினன் பார்த்துவிட்டான். அக்காகிட்டச் சொல்றேன் என்று திரும்பினவனைப் பிடித்துத் தள்ளியதில் தலை கல்லில் பட்டுவிட்டது.

"அம்மா செத்தப்ப அவனை அந்தத் திட்டுத் திட்டினேனே. கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"திட்டாதேன்னு சொன்னா ஏன்னு கேப்பியே."

அவரே தொடர்ந்தார். "அந்தப் படியோட கதை தெரிஞ்சவ இப்ப நீ ஒருத்திதான். நீ எழுதலேன்னா அது வெறும் படி."

"எனக்குன்னு வெட்டின படியில ஏறித்தானே அவனை உள்ள விட்டுட்டு வந்தீங்க."

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் அலுவலகத்தில் தன் அறிக்கையை நேராக நீதிபதிக்கே எழுத உட்கார்ந்தாள். செத்தவன் முதல் தடவையாகக் கணவரின் பக்கத்தை விட்டு அவளுக்கு அருகில் வந்து உட்கார்ந்திருந்தான். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் விரலெலும்பை ஊன்றிப் பிடித்துக்கொண்டான். மண் அடுக்கை எழுதினாள், படியை எழுதினாள், அது யார் கைவேலை, தனக்கு அது எப்படித் தெரியும் என்பதை எழுதினாள். செத்தவன் தன் தம்பி, செய்தவர் தன் கணவர், ஆகவே வேறொரு நிபுணரும் குழியைப் பார்ப்பது முறை என்றும் எழுதினாள். 'கணவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு அதன் அடியில் அவருடைய உத்தியோகத்தையும் சேர்த்தாள். அறிக்கையில் இடமில்லாத ஒன்றை வாயால் சொன்னாள். "வரலேன்னு திட்டிட்டேன்டா." அவன் அடுத்த தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மடித்து உறையிலிட்டு ஒட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்துத் தபாலாபீசுக்கு நடந்தாள். அவனும் கூடவே நடந்தான். எதிரே வந்தவர்கள் வழி விட்டார்கள். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எடை போட்டுவிட்டு, "பதிவுத் தபாலா? அனுப்புறது நீங்களா, இவரா?" என்று கேட்டாள்.

"நான்தான். இவன் என் தம்பி."

"அதானே பாத்தேன், ஜாடை அப்படியே இருக்கு" என்று சொல்லி, முத்திரை குத்தி, உறையைப் பையில் போட்டாள்.