எடை சரி

அந்தப் பந்தயத்தில் முதலில் வந்த குதிரை ஜெயித்துவிட்டது என்று புது ஆள் யாராவது துள்ளினால், பழையவர்கள் "பொறுங்க, எடைக்காரர் வாயைத் திறக்கட்டும்" என்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் பந்தயம் அது. ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓடுவதற்கு முன் எல்லா ஜாக்கியும் சேணத்தோடு ஐம்பத்தாறு கிலோ இருக்க வேண்டும்; குறைந்தால் சேணப் பையில் ஈயத் தகடு வைத்து ஈடுகட்டுவார்கள். ஓட்டம் முடிந்ததும் ஜெயித்த ஜாக்கி சேணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தராசில் ஏற வேண்டும். ஓடுவதற்கு முன் இருந்த எடையில் அரைக் கிலோ வரை குறைந்தால் மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் அம்போதான். எடைக்காரர் "சரி" என்று சொன்ன பிறகே மணி அடிக்கும்.

தராசில் ஏறும்போது தலையில் எதுவும் இருக்கக் கூடாது. முதல் வருஷம் ஜெயித்தவன் எல்லைக்கோட்டைத் தாண்டிய கையோடு குதிரை மேலேயே உயிரை விட்டானாம். நாலு பேர் அவனைத் தூக்கி வந்து தராசில் கிடத்தினார்கள். அன்றைய எடைக்காரர் தன் தொப்பியைக் கழற்றிவிட்டு, முள்ளைப் பார்த்து, "சரி" என்றார். அன்றிலிருந்து அந்த மரியாதைக்காகத் தராசில் வெறுந்தலை என்பதே வழக்கம். ஹெல்மெட் வந்த பிறகும் அது எடையில் சேராது.

இப்போதைய எடைக்காரர் இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். கறார் என்றால் அப்படியொரு கறார். இந்த வருஷம் அவர் மகளும் ஒரு ஜாக்கி. "அப்பாவே மகளுக்கு எடை போடலாமா?" என்று பந்தயக் குழுத் தலைவர் இழுத்தபோது, "தராசுக்கு உறவு தெரியாதுங்க" என்று வாயை அடைத்துவிட்டார். உண்மையில் அவர் மகளோடு பேசியே மூன்று மாதம் ஆகியிருந்தது. பயம்தான். அந்த வேகத்தில் பிள்ளை விழுந்துவிட்டால் என்ற பயத்தைச் சொல்லத் தெரியாமல் கோபமாக வைத்துக்கொண்டிருந்தார் மனுஷன். மகளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். அவளும் பேசவில்லை.

ஓட்டத்துக்கு முன் கடைசி ஆளாக அவள் எடை அறைக்குள் வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றத்தான் கையைத் தூக்கினாள். அதன் வார் தாடைக்குக் கீழே தொங்குவது அவர் கண்ணில் பட்டது. எழுந்து போய் அதை இழுத்து இறுக்கிக் கட்டினார்.

"லூசா இருக்கு," என்றார்.

மூன்று மாதத்தில் அதுதான் முதல் வார்த்தை. அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சேணத்தோடு தராசில் ஏறினாள். "முக்கால் கிலோ கூடுது," என்று அவர் சேணப் பையிலிருந்து ஓர் ஈயத் தகட்டை உருவி ஜன்னல் கட்டையில் வைத்தார். முள் ஐம்பத்தாறில் வந்து நின்றது. "சரி. போ, நேரமாச்சு."

அவள் ஜெயித்தாள். குதிரையின் கழுத்தளவு வித்தியாசத்தில், கட்டாந்தரை அதிர, எல்லாருக்கும் முன்னால் வந்தாள்.

எடை அறை நிரம்பிவிட்டது. முகமெல்லாம் புழுதியோடு வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். ஜெயித்த முகமாக இல்லை. களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். சேணத்தோடு ஏறி நின்றாள். முள் ஐம்பத்தைந்தே காலில் நின்றது. தராசைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிறகுதான் ஜன்னல் கட்டையிலிருந்த ஈயத் தகட்டைப் பார்த்தார். பெஞ்சிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

முள் அவர் பக்கம் மட்டுமே தெரியும். வெளியே அத்தனை கூட்டமும் ஒரே சொல்லுக்காகக் காத்திருந்தது. அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. யாருக்குத் தெரியப்போகிறது? இதே தராசில் கிடத்தப்பட்டவனுக்குத் தெரியும் என்று பட்டது.

"குறை," என்றார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் குழுத் தலைவர்.

"முக்கால் கிலோ குறைங்க. முதல்ல ஹெல்மெட்டோட எடை போட்டுட்டேன். தப்பு என்னுது. ஆனா எடை குறை."

மணி அடிக்கவில்லை. மகள் இறங்கிக்கொண்டாள். இரண்டாவதாக வந்தவன் தயங்கித் தயங்கி ஏறினான். எடைக்காரர் முள்ளைப் பார்த்து, "சரி" என்றார். வெளியே மணி அடித்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கண்தான் வழிந்தது.

"எனக்கு ஞாபகம் இருந்துச்சுப்பா," என்றாள். "கழட்டச் சொல்லுவீங்கன்னு நின்னேன், நீங்க சொல்லல. நீங்க கட்டிவிட்டதைக் கழட்ட எனக்கு மனசு வரல. ஜெயிச்சாத்தானே மறுபடி எடை போடுவாங்க, நான் எங்க ஜெயிக்கப் போறேன்னு நினைச்சுட்டேன்."

அவர் தராசின் முள்ளைப் பார்த்தார். அது பூஜ்யத்தில் நின்றது.

"அடுத்த வருஷம் இந்த நாற்காலியில வேற ஆள் உட்காரட்டும்," என்றார். "நான் வெளியில நின்னு உனக்கு வார் கட்டிவிடறேன்."

அவள் ஹெல்மெட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.