தம்பி போட்ட கையெழுத்து

சுண்டுவின் இடது கண் லேசாக உள்ளே ஒதுங்கும். அதை முதலில் கவனித்தவள் அவளுடைய அத்தைதான். கவனிக்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பதுதான் பதினாறு வருடமாக அவள் வேலை. புதிதாக யாரைப் பார்த்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்பே கண்ணை அளந்துவிடுவாள்.

சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘பெற்றோர்’ என்று இருந்த இடத்தில் அத்தை கையெழுத்துப் போட்டாள். கவுன்ட்டரில் இருந்த பெண் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க அம்மாவா?”

“அத்தை.”

“அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் போடணுமே.”

அம்மா இல்லை. சுண்டுவுக்கு ஒரு வயது முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா, அதாவது அத்தையின் தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரன். மனைவி போன மூன்றாம் மாதம் பிள்ளையை அக்கா மடியில் விட்டுவிட்டு, “ஒரே ஒரு ட்ரிப்” என்று கிளம்பினான். அந்த ஒரே ஒரு ட்ரிப் ஏழு வருடமாக நடந்துகொண்டிருந்தது. வாரம் ஒரு போன் மாதம் ஒன்றாகித் தேய்ந்து, கடைசி இரண்டு வருடம் அதுவும் நின்றுபோயிருந்தது.

ஆபரேஷனுக்கு ஒரு அதிகாரியிடம் தனியாக அனுமதி வாங்க மூன்று வாரம் பிடித்தது. ஆபரேஷன் முடிந்து கண் நேரானது. ஆனால் அந்தக் கவுன்ட்டர்க் கேள்வி மட்டும் அத்தைக்கு முள்ளாய் உள்ளேயே நின்றது. கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு தடவை சோதித்துப் பார்க்காமல் பேசமாட்டார். இரண்டு நாள் கழித்து, “முறைப்படி தத்து எடுத்துடலாம். நாளைக்கே வக்கீலைப் பாப்போம்” என்றார்.

“தத்துக்கு முன்னாடி, தகப்பனோட உரிமையைக் கோர்ட் ரத்து பண்ணணும்” என்றார் வக்கீல். “ரெண்டு வழி இருக்கு. அவரே வந்து விட்டுக்கொடுக்கறது ஒண்ணு. ஒரு வருஷத்துக்கு மேல பிள்ளையைத் திரும்பிக்கூடப் பாக்கலைன்னு நாம நிரூபிக்கறது இன்னொண்ணு. உங்களுக்கு ரெண்டாவதுதான் சுலபம். பேப்பர்ல ஒரு அறிவிப்பு போட்டுட்டா, அவர் வரவே வேண்டாம்.”

“என்னன்னு எழுதுவீங்க?”

“குழந்தையைக் கைவிட்ட தகப்பன்னு.”

அத்தை தலையாட்டி மறுத்தாள். “வேண்டாங்க. அவ வளர்ந்து ஒருநாள் இந்தக் காகிதத்தை எடுத்துப் படிப்பா. அவனைக் கூட்டிட்டு வரேன்.”

“ரெண்டு வருஷமா பேச்சுமூச்சு இல்லாதவரை எங்கேன்னு தேடுவீங்க?”

“கப்பல் தண்ணியிலதானே இருக்கும்” என்று எழுந்துகொண்டாள்.

தினமும் சாப்பாட்டு இடைவேளையில், லென்ஸ் தூள் ஒட்டிய விரலால் ஒவ்வொரு கப்பல் கம்பெனியாகப் போன் போட்டாள். பதினோராவது கம்பெனியில் ஒரு புண்ணியவான் பட்டியலைப் பார்த்துத் தகவல் அனுப்பினார். அடுத்த செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

“அக்கா” என்றான் தம்பி.

திட்டுவதற்கென்று இரண்டு வருடமாக அவள் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் மறந்துபோனது. விஷயத்தை மட்டும் சொன்னாள்.

“கைவிட்டவன்னே எழுதச் சொல்லுக்கா. பொய் இல்லையே.”

“பொய்யா நிஜமான்னு உன்னை யாரும் கேக்கலை. வரியா, இல்லையா?”

ஒரு மாதத்தில் வந்தான். முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. சுண்டு கதவைப் பாதி திறந்து, “கப்பல் அப்பாவா?” என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வழிவிட்டாள். சும்மா உட்காரத் தெரியாமல் அவன் நேரே அடுப்படிக்குப் போனான். முப்பது பேருக்குச் சமைத்துப் பழகிய கைக்கு நாலு பேருக்கு அளவு பிடிபடவில்லை. மாடி வீடு, எதிர் வீடு எல்லோருக்கும் கொடுத்தும் மிஞ்சியது.

பாத்திரம் கழுவும்போது அவனாகவே சொன்னான். “எப்போ வருவீங்கன்னு சுண்டு போன்ல கேப்பாக்கா. ரெண்டு தடவை பொய் சொன்னேன். அப்புறம் போனைத் தொடவே கை வரலை.”

“அசடு” என்றாள் அக்கா. அவன் கழுவிய தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினாள்.

நீதிபதி ஒரு பெண்மணி. அன்று அவருக்கு நல்ல ஜலதோஷம். வெந்நீர் பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்லைங்க.”

“குழந்தை எங்க வளரணும், என்ன படிக்கணும், என்ன வைத்தியம் பாக்கணும், இனிமே எதுலயும் நீங்க தலையிட முடியாது. நாளைக்கு மனசு மாறினாலும் திரும்பக் கிடைக்காது. புரியுதா?”

சூட்டுத் தழும்புகள் நிறைந்த தம்பியின் கைகள் முன்னாலிருந்த தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று அத்தைக்கு ஒரு கணம் பயம் வந்தது. சொன்னால் நன்றாகத்தான் இருக்கும் என்றும் அதே கணத்தில் தோன்றியது.

“புரியுதுங்க. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சரியாத்தான் செய்றேன்.”

நீதிபதி சுண்டுவை முன்னால் கூப்பிட்டார். “உனக்கு ஏதாவது கேக்கணுமா?”

“அத்தை எனக்கு அம்மா ஆயிட்டா, அப்பா அம்மாவோட தம்பி. அப்போ எனக்கு மாமாவா?”

டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தாவின் கை நின்றது.

“சட்டப்படி பாத்தா, ஆமா.”

“மாமா அப்பா ஆயிடுவாரா?” லிஃப்ட் மெக்கானிக்கைக் காட்டினாள்.

“ஆமா.”

“அப்போ ரெண்டு பேரும் இடம் மாத்தி உக்காரணும்.”

நீதிபதி சிரிக்கப் போய் இருமல் வந்து, வெந்நீர் குடித்துத்தான் தேறினார். “யாரை எப்படிக் கூப்பிடறதுங்கறது உன் இஷ்டம். அதுல கோர்ட் தலையிடாது.”

தம்பி கையெழுத்துப் போட்டான். தீர்ப்பின் நகல் கைக்கு வந்ததும் அத்தை படிக்கட்டிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள். ‘கைவிட்ட’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘மனமுவந்து’ என்று இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆறு வாரத்தில் தத்தும் முடிந்தது. பள்ளிக்கூடப் படிவத்தில் அத்தை ‘தாய்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் சுண்டு யாருடைய பெயரையும் மாற்றவில்லை. அத்தை அத்தையாகவும் மாமா மாமாவாகவும் இருந்தார்கள். அவர்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

தம்பி திரும்பவும் கப்பல் ஏறினான். ஆனால் இப்போது ஞாயிறு தவறாமல் கூப்பிட்டான். எப்போ வருவீங்க என்று சுண்டு கேட்டால், “இந்த வருஷம் இல்லடா, அடுத்த வருஷம்” என்று உள்ளதைச் சொன்னான். அவளும் சரி என்று வேறு பேச்சுக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டபோது அத்தை ஜன்னலோரம் நின்றிருந்தாள். கீழே தெருவில் சுண்டு சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். சீட்டைப் பிடித்தபடி லிஃப்ட் மெக்கானிக் மூச்சிரைக்க ஓடினார்.

“இப்போ அவ வரமாட்டாடா. அரை மணி கழிச்சுப் பண்ணு.”

“சரிக்கா” என்றான். அரை மணி கழித்துப் பண்ணினான்.