இரண்டாவது கேசட்டைச் சுருளி விசாரித்த விதம்

புகழ்ந்து பேசுகிறவனைச் சுருளி நம்ப மாட்டார். திட்டிப் பேசுகிறவனையும் நம்ப மாட்டார். தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் யாரைத்தான் நம்ப முடியும்? கறுப்புக் கோட்டுப் போட்டவரே டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து, பக்கத்து வண்டியைக் காட்டி "இதுதான்யா என் வண்டி" என்று சத்தியம் பண்ணுவார். டோக்கனைக் காட்டு, வண்டியை எடு. சுருளிக்குத் தெரிந்த நியாயம் அம்புட்டுத்தான்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகளாகப் பிறந்துவிட்டு, பவதாரிணி ராக் பாட்டுப் பாடப் போனாள்.

முனிச்சாலைப் பக்கம் ஹரிஷ்குமார் என்று ஒரு சௌராஷ்டிரப் பையன். கரண்டு கிடார் வாசிப்பவன். அவன் அப்பா துளசிராம் சாயப்பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை மூடிப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் பையன்கள் கூடி வாசித்தார்கள். கூட்டத்துக்குப் பேரும் 'சாயப்பட்டறை' என்றே வைத்துக்கொண்டார்கள். முதல் கேசட்டு, காலேஜ் பையன்களிடம் ஒன்று பத்தாகப் பதிந்து பரவியது. இரண்டாவது கேசட்டு 'கத்தரி' என்ற பேரில் 2002 வெயிலில் வந்தது. அதில் பாதிப் பாட்டுப் பவதாரிணி பாடியது. உடனே பெங்களூரில் ஒரு கம்பெனிக்காரன், மூன்று மாதம் வந்து தங்கி மேடை மேடையாக வாசியுங்கள் என்று கூப்பிட்டுவிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கேயோ, சுருளி ஒரு வக்கீலிடம் நடையாய் நடந்து மகளுக்கு டைப்பிஸ்ட் வேலை சொல்லி வைத்திருந்தார். அதற்கும் அடுத்த திங்கள்கிழமை சேர வேண்டும்.

"ரெண்டாவது கேசட்டு மொதலாவதை விட நல்லாருக்குன்னு எல்லாருமே சொல்றாங்கப்பா" என்றாள் பவதாரிணி.

"எல்லாரும்னா ஆரு? ஒன் கூட்டாளிக. ஒன் மூஞ்சிக்கு நேரா வேற என்னத்தச் சொல்லுவாளுக?"

"அப்ப நீயே போட்டுக் கேளு."

"கேட்டேன் தாயி. ரோட்டுல தகரத்தைப் போட்டு லாரியில இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. ஒரு பாட்டோட அமத்திட்டேன்."

அடுப்படியிலிருந்து மலையம்மாள் குரல் வந்தது. "பெத்த பிள்ளை பாடுனதை முழுசாக் கேக்கத் துப்பில்ல, ஞாயம் பேச வந்துட்டாரு."

"இந்தா, நீ சும்மா இரு. எனக்கு வெளங்காததை வெளங்குனவன்கிட்ட விசாரிக்கணும். விசாரிக்கிறேன். சரக்கு உள்ளதுதான்னு தெரிஞ்சா பெங்களூருக்குப் போகட்டும். இல்லைன்னா பேசாம வக்கீலய்யா ஆபீசுக்குப் போகட்டும். ஒரே பேச்சு."

மகளும் ஒத்துக்கொண்டாள். அப்பா பேச்சு மாற மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

விசாரிப்பு என்றால் சுருளிக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். மூத்த பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தபோது செய்த அதே வழி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வது, நெற்றி நிறையத் திருநீறு பூசுவது, கையில் மஞ்சப்பை. பையன் வீட்டுத் தெருவில் டீக்கடை, இஸ்திரி வண்டி, பலசரக்குக் கடை என்று வரிசையாக நின்று, தான் யாரென்று சொல்லாமல் பேச்சுக் கொடுப்பது. வாய் சொல்வதைக் கேட்காமல் முகம் சொல்வதைப் பார்ப்பது.

முதலில் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்தார். வண்டி விட வந்த கோர்ட்டு குமாஸ்தா முத்திருளனிடம், முந்தின வாரமே ஒரு கேசட்டைக் கொடுத்திருந்தார்.

"கேட்டீகளா?"

"பிரமாதம்ணே! என்னா பாட்டு, என்னா பாட்டு!"

"எந்தப் பாட்டு?"

"எல்லாமேதான்ணே."

வண்டிப் பெட்டியில் அந்தக் கேசட்டு, மேலே சுற்றிய கண்ணாடித்தாள் கூடக் கிழிக்காமல் கிடந்தது. சுருளி மனசுக்குள் அந்த ஆள் பேரை அடித்துவிட்டார்.

அடுத்து, மெயின் ரோட்டுக் கேசட்டுக் கடை. அங்கே இரண்டு காலேஜ் பையன்கள் நின்று 'கத்தரி'யைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுருளி, சாமி படம் பார்க்கிற மாதிரி ஒதுங்கி நின்றார்.

"மாப்ள, மொத கேசட்டுல அந்தக் கொட்டகைத் தகரம் அதிர்றது கூடக் கேக்கும்டா. இது மெட்ராசுல போயி பவுடர் பூசிக்கிட்டு வந்திருக்கு."

"போடா. மொத கேசட்டுல எது டிரம்ஸு, எது தகரம்னே தெரியாது. இதுலதான் ஒவ்வொரு அடியும் நெஞ்சுல வந்து விழுகுது."

"சரி, அந்தப் பொண்ணு எதுக்குடா? பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழம் விக்கிற மாதிரிக் கத்திக்கிட்டு."

"அந்தப் பொண்ணு இல்லேன்னா அது கேசட்டே இல்ல. ரெண்டாம் பக்கம் மூணாவது பாட்டைக் கேட்டுட்டுப் பேசு."

கொய்யாப்பழம் என்றதும் சுருளிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சந்தோஷம். ஒருத்தன் ஏசுகிறான், ஒருத்தன் மல்லுக்கு நிற்கிறான். இதுதானே உள்ளபடியான பேச்சு? அத்தோடு வந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவருக்குப் பழகின வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பிகளா, இதுல ஹரிஷ்குமார்னு ஒரு பையன் இருக்கானே, ஆளு எப்படி? தண்ணி கிண்ணி உண்டா? சேர்க்கையெல்லாம் எப்படி?"

இருவரும் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, திருநீறு, மஞ்சப்பை. கொய்யாப்பழம் சொன்னவன் சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டான்.

"தங்கமான பையங்கய்யா. டீ கூடக் குடிக்க மாட்டாரு."

"இந்தக் கேசட்டு எப்படி?"

"அருமையான கேசட்டுங்கய்யா."

"இப்பத்தானய்யா பவுடர் பூசுனதுன்னு சொன்ன?"

"பவுடர் பூசுறது லட்சணந்தானுங்களே."

சுருளிக்குப் பொறி தட்டியது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் காறித் துப்பியவன் எப்படி மாறினான்? யாரோ முந்திக்கொண்டு ஊரைச் சரிக்கட்டி வைத்திருக்கிறார்கள்.

கோரிப்பாளையத்தில், அந்தக் கூட்டத்தார் வழக்கமாக உட்காருகிற டீக்கடைக்குப் போனார். கடைக்கார பாய், கேட்டு முடிக்கும் முன்னே, "வைரம் மாதிரிப் பிள்ளை" என்றார். பாட்டு எப்படி என்றதற்கும் "வைரம்" என்றார். முனிச்சாலையில் இஸ்திரிக்காரர், "அந்தப் பையன் சட்டைக் காலர்ல அழுக்கே இருக்காது" என்றார். அதற்கும் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சுருளிக்குப் பிடிபடவில்லை. கடைசியாக, எதிர்வீட்டு வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த பத்மாசினி அம்மாளிடம் நின்றார்.

"ரெண்டாவது கேசட்டா? ரொம்ப நல்லாருக்குது. பையன் அதை விட நல்ல பையன். நீங்க எந்தப் பக்கம்?"

"அலங்காநல்லூர்ப் பக்கம். இப்ப தல்லாகுளத்துல சைக்கிள் ஸ்டாண்டு. எங்க பிள்ளைய நம்பி அனுப்புறதுன்னா நாலு எடத்துல விசாரிக்கணும்ல?"

அந்த அம்மாள் கையிலிருந்த பூவை அப்படியே போட்டுவிட்டாள். "அவங்க அம்மா ஒத்துக்குவாளான்னு தெரியலையே. ஆனா ராகு கேது எல்லாம் சுத்தம், தோஷமில்லாத ஜாதகம்."

பஸ்ஸில் திரும்பும்போது சுருளிக்கு மண்டை குடைந்தது. கேசட்டுக்கு எதற்கு ராகு கேது? நல்ல நாள் பார்த்து வெளியிட்டிருப்பார்களோ? வாங்கின சாமானை இம்புட்டுப் பேர் ஒரே வாயாகப் புகழ்ந்து அவர் பார்த்ததே இல்லை. அப்படியானால் அது சொத்தைச் சரக்குத்தான். வக்கீல் ஆபீசுதான் மகளுக்கு என்று முடிவுகட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மகள் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்ல வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று படுத்துவிட்டார். அவருக்கு அது புதுப்பழக்கம்.

மறுநாள் மத்தியானம் ஸ்டாண்டில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி. டோக்கனை நீட்டிய சுருளியின் கையை அந்த ஆள் கவனிக்கவே இல்லை.

"எம் மகனை ஊர் பூரா விசாரிக்கிறது நீங்கதானா? நான் துளசிராம். ஹரிஷோட அப்பா."

"விசாரிச்சேன். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? எங்க தெருவே துக்கம் கேக்குற மாதிரி வீட்டுல வந்து உக்காந்திருக்கு. எங்க வீட்டம்மா நேத்திலிருந்து சாப்பிடல. இந்தா பாருங்க பெரியவரே, நாங்க எங்களுக்குள்ளதான் பொண்ணு எடுப்போம், குடுப்போம். பாட்டுப் பாட வந்த இடத்துல வளைச்சுப் போடலாம்னு நெனச்சீங்கன்னா..."

சுருளி எழுந்துவிட்டார். "ஆரு ஆரை வளைக்கிறது? ஒங்க மகனை எனக்குச் சும்மா குடுத்தாலும் வேணாம்யா. அவனைக் கட்டிவச்சுச் சோறு போடவா? எனக்கு அந்தக் கேசட்டு நல்லாருக்கா இல்லையான்னு தெரியணும். அம்புட்டுத்தான்!"

துளசிராம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கேசட்டுக்கா? கேசட்டுக்கா குடிப்பானான்னு கேட்டீங்க?"

"பின்னே, வேற எப்படிக் கேக்குறது?"

அப்போதுதான் சுருளிக்கு உறைத்தது. கல்யாண விசாரிப்பில் எவன் உண்மை சொல்லுவான்? மொடாக்குடியனைக்கூட ஊர் சாது என்றுதான் சொல்லும். கூடிவருகிற கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று பகையாளி கூடப் புகழ்ந்து அனுப்புவான். ஊரை யாரும் சரிக்கட்டவில்லை. ஊர் வாயைத் தானேதான் கட்டிப்போட்டிருக்கிறார்.

கோபம் வடிந்த துளசிராம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் சொல்லட்டுமா? மொத கேசட்டு எங்க பட்டறையில எடுத்தது. அதுல எம் மகன் கிடார்லருந்து கையையே எடுக்க மாட்டான். வேற யாரையும் வாய் தொறக்க விட மாட்டான். வீட்டுலயும் அப்படித்தான், நான் பேசப் பேச அவன் பாட்டுக்கு வாசிப்பான். ரெண்டாவதுல உங்க பொண்ணு பாடுது பாருங்க, அங்கெல்லாம் கையை எடுத்துட்டு நிக்கிறான். பெத்த அப்பனுக்கு நிறுத்தாதவன். எனக்கு அது பிடிக்கல. ரெண்டாம் பக்கம் மூணாவது பாட்டு எனக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்கல."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்தச் சொல்லால் அந்த மனுஷனுக்கு நயா பைசா லாபமில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். ஆகவே சுருளி நம்பினார். போதாததற்கு, அந்தக் கொய்யாப்பழத்தோடு மல்லுக்கு நின்ற பையனும் இதே பாட்டைத்தான் சொன்னான்.

ஸ்டாண்டுக் கொட்டகைக்குள் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்று உண்டு. கேசட்டைத் திருப்பிப் போட்டு, ஓடவிட்டு, மூன்றாவது பாட்டுக்கு வந்தார். மறுபடியும் அதே தகரம், அதே லாரி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. மகள் குரல் மட்டும் தனியாக எழும்பியது.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். ஒரு கோடையில், தண்ணி லாரி அவர்கள் தெருவை மட்டும் விட்டுவிட்டுப் போகப் பார்த்தது. மலையம்மாள் காலிக் குடத்தோடு லாரிக்கு முன்னால் போய் நின்று ஒரு சத்தம் போட்டாள். டிரைவர் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினான். அதே சத்தம். பக்கத்தில் நின்று பார்த்தது மாதிரி இருந்தது. இதைக் கத்தல் என்கிறவன் கத்தல் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். லாரி திரும்பியது திரும்பியதுதான்.

பாட்டு முடிந்து நிமிர்ந்தபோது, முன்வரிசையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. யாரோ வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். டோக்கனை இவர் திருப்பி வாங்கவே இல்லை.

சுருளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். முனையில் சிக்னலில் நின்றிருந்தது முத்திருளன்தான். "நீங்க கண்ணை மூடி உக்காந்திருந்தீக, எழுப்ப மனசு வரலண்ணே" என்று டோக்கனை எடுத்து நீட்டினான். சும்மா போகாமல், "அது யாரு பாடுறது? நல்லாருக்கே!" என்றும் கேட்டான். இந்தத் தடவை அவன் சொன்னது உண்மையா பொய்யா என்று சுருளி யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், பதில் கேட்ட ஹரிஷ்குமாரை ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். பையன் புது பைக்கில் வந்தான்.

"பாட்டு நல்லாருக்கு, போயிட்டு வாங்க" என்றார் சுருளி. கூட வந்து நின்ற பவதாரிணி அப்பாவையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல் பைக்கைக் காட்டினார். "இதை இங்க விட்டுட்டுப் போ தம்பி."

"எதுக்குங்க? வீட்டுல நிக்குமே."

"பாட்டைத்தான் நம்பிட்டேன். ஒன்னைய இன்னும் நம்பல."

"ஏப்பா!" என்று மகள் பல்லைக் கடித்தாள். ஹரிஷ்குமார் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான். சுருளி டோக்கனை இரண்டாகக் கிழித்து, ஒன்றை வண்டியில் கட்டி, மற்றதை அவன் கையில் வைத்தார்.

பைக் முன்வரிசையில் நின்றது. அதன் மேல் யாரையும் சாய விடுவதில்லை. பத்து நாள் கழித்துத் துளசிராம் ஸ்கூட்டர் பஞ்சராகி வந்து நின்றார். மகன் பைக்கை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார்.

"டோக்கன் இருக்கா சார்?"

"எம் மகன் வண்டிய்யா அது!"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாக. டோக்கன் பெங்களூர்ல இருக்கு. உக்காருங்க, டீ சொல்றேன்."

துளசிராம் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். டேப் ரிக்கார்டரைப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்த ரெண்டாம் பக்கத்தைப் போடுங்க. எனக்கு இன்னும் பிடிக்கலதான்" என்றார்.