லட்சம் ஃபாலோயருக்கு ஒரு கிடா

தன் முன்பல் உடைந்தது விபத்து என்றுதான் இலக்கியா நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு நிகழ்ச்சி என்று அவளுக்குத் தெரியவந்தபோது எட்டு லட்சம் பேர் பார்த்து முடித்திருந்தார்கள்.

பரமத்தி வேலூரில் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டிவிட்ட நர்சுப் பெண், அவள் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தாள், பிறகு பக்கவாட்டில் வந்து நின்றும் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, நீங்க அந்த ஆட்டாங்கல்லு அக்காதானுங்களே?"

"ஆ?" என்றாள் இலக்கியா. குழாயை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அதானுங்க, போன்ல 'முட்டக்கார மாப்ள' வீடியோவுல வருவீங்களே. உங்கப்பா லாரி கவுந்துருச்சுன்னு உங்கூட்டுக்காரர் அழுவாரு, நீங்க ஓடிப்போயி ஆட்டாங்கல்லுல மொகமடிச்சு உழுவீங்க. உழுகறப்ப கோழி கத்தற மாதிரி சத்தம் வேற போட்டிருப்பாரு. எங்கூட்ல அதப் பாக்காம சோறே எறங்காதுங்க."

இலக்கியாவின் அப்பா சின்னண்ணன் நாக்பூர் ரூட்டில் லாரி ஓட்டுகிறவர். ராசிபுரத்தில் அவர்கள் தெருவில் பாதி வீடுகள் லாரிக்காரர் வீடுகள்தான். அந்த வீடுகளில் எதை வைத்தும் கேலி பேசுவார்கள். கருமாதியில் உட்கார்ந்து செத்தவரையே கேலி பேசுவார்கள். ரோட்டிலிருந்து வரும் போனை வைத்து மட்டும் யாரும் விளையாட மாட்டார்கள். அந்தப் போன் நிஜமாகவே வந்த வீடுகள் அந்தத் தெருவில் இருக்கின்றன.

இது அவள் புருஷன் கதிருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்த வீடியோ நன்றாக ஓடியது.

அன்றைக்கு அவள் விழுந்ததும், வேறு யாருடைய வண்டியோ, தகவல் தப்பாக வந்துவிட்டது என்று கதிர் சொன்னான். ரத்தம் ஒழுகும் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, "நானிருக்கறேன் கண்ணு, நானிருக்கறேன்" என்று ஆஸ்பத்திரி போகும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். பல் போனால் போகட்டும், ஆள் பரவாயில்லை என்று அவள் நினைத்துக்கொண்டது அந்தக் காரில்தான். துண்டு அழுத்தியது இரண்டாம் பாகமாக வந்திருந்தது. நர்சுப் பெண் அதையும் எடுத்துக் காட்டினாள். அதற்கு வயலின் போட்டிருந்தான்.

தற்காலிகமாக ஒரு பல்லை ஒட்டிக்கொண்டு ஜேடர்பாளையம் பக்கத்திலிருந்த வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் வீடியோ எடுக்கிற வட்ட விளக்கை ஸ்டாண்டில் மாட்டி, கதிர் தலை வாரிக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் பேசவில்லை. ஸ்டாண்டைப் பிடுங்கி அவன் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஓர் அடி போட்டாள். அவன் உட்கார்ந்த பிறகு முதுகில் இன்னொன்று. விளக்கு சிதறி, வட்டமாக அவன் கழுத்தில் தொங்கியது.

"எங்கப்பனச் சாவடிச்சுத்தான் நீங்க லைக்கு வாங்கோணுமா?" என்றாள். கொங்கு நாட்டில் ஆளை அடித்தாலும் மரியாதை குறையாது.

"அது கன்டென்ட்டு, இலக்கியா! ஊரே உன்ன ரசிக்குது!"

மறுநாள் அவளுடைய அண்ணன் தமிழரசு ராசிபுரத்திலிருந்து வந்தான். கையில் டயர் கழற்றும் லிவர் இருந்தது. "மாப்ள, சித்த வெளிய வாங்க" என்று கூப்பிட்டு, கதிருடைய கோழிப்பண்ணைக் கொட்டகை வாசலில் வைத்து நெற்றியைப் பிளந்தான். முட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் விலக்குவதற்குள் கதிர் தீவன மூட்டைகளுக்கு நடுவே ரத்தத்தோடு கிடந்தான். அன்று சாயங்காலமே தலையில் கட்டோடு தன் 'முட்டக்கார மாப்ள' பக்கத்தில் வீடியோ போட்டு, 'மச்சான் பாசம்' என்று தலைப்பு வைத்தான். இலக்கியா அண்ணனோடு ராசிபுரம் போய்விட்டாள்.

அந்த வீடியோவில்தான் லட்சம் ஃபாலோயர் தாண்டியது.

லட்சம் வந்தால் கிடா வெட்டுகிறேன் என்று கதிர் ஆற்றோர முனியப்பனுக்கு நேர்ந்திருந்தான். முனியப்பனிடம் போன் கிடையாது. ஆனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான். நேர்ந்துகொண்டவனின் பெண்டாட்டிதான் பொங்கல் பானை வைக்க வேண்டும். அதனால் மாமியார் செல்லாயி போன் போட்டாள்.

"சாமி காரியம் கண்ணு. நீ வல்லீனா பான வெக்க ஆளில்ல. அவன் பண்ணுனது தப்புத்தான். நாஞ் சொல்லீட்டேன், தப்புன்னு."

"அவருகிட்டக் குடுங்கத்த."

கதிர் லைனில் வந்தான். குரல் கரகரத்தது. இலக்கியா நிதானமாகச் சொன்னாள்.

"அந்த வீடியோவ எடுத்துப்போடோணும். இனி என்னக் கேக்காம என்ற மேல போனத் தூக்கக் கூடாது. பொறந்தநாளா இருந்தாலும் செரி, எழவா இருந்தாலும் செரி. கேக்கோணும், நான் செரீன்னு சொல்லோணும். இத்தன நாளா நீங்க சொன்னத எல்லாம் நம்புனேன். இனி உங்கள நம்பி ஒரு ஊட்ல கண்ண மூடித் தூங்கோணும்னா எனக்கு இது வேணும்."

"உன்ற மேல சத்தியமா."

"என்மேல வேண்டாங்க. போன்மேல பண்ணுங்க."

"போன்மேலயா?" என்று இழுத்தான். பிறகு பண்ணினான். வீடியோவும் அன்றே காணாமல் போனது. அதற்குள் வேறு பக்கங்களில் அது பரவிவிட்டது என்றாலும், அவன் எடுத்துவிட்டான் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

முனியப்பன் கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஆற்றோரம் ஒரு புளியமரம், மீசையோடு ஒரு சிலை, முன்னால் எலுமிச்சம்பழம் குத்திய வேல்கள். உறவுக்காரர்கள் சோற்றுக்கு முன்னாலேயே கைகழுவிவிட்டு வந்ததுபோல நின்றார்கள். இலக்கியா மூன்று கல் கூட்டிப் பானை வைத்தாள். அடுப்பெரித்தாள். கதிர் பட்டு வேட்டியில் நல்ல பிள்ளையாக நின்றான், கையில் போன் இல்லை. அவனுடைய பெரியப்பா மகன் நிலவன், முட்டக்கார மாப்ளையின் கேமராமேன், வெறுங்கையோடு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் வந்ததும் நிலவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். "போனப் பையில இருந்து எடுக்கவே மாட்டேனுங்க்கா, சத்தியமா."

கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கறுப்புக் கிடா, நல்ல உயரம். பூசாரி அதன் நெற்றியிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். அது உடம்பைச் சிலுப்பினால் சாமியின் உத்தரவு கிடைத்ததென்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது.

கிடா சிலுப்பவில்லை.

மறுபடி ஊற்றினார். காதுக்குள் ஊற்றினார். கிடா வாழையிலையைப் பார்த்தது. வெட்டுகிறவர் அரிவாளை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "கெடாவுக்குச் செவுடுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "வெயில்ல தண்ணி ஊத்துனா அதுக்குச் சொகமாத்தான இருக்கும்" என்றார் இன்னொருவர். குடம் குடமாகக் காவிரி அதன் முதுகில் ஓடியது. வெயில் ஏறியது. ஒரு கிழவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியே வெட்டீருங்க, யாரு பாக்கப்போறா" என்றான் கதிர்.

பூசாரி திரும்பினார். "அதுகிட்டக் கேட்டுப்போட்டு, அது செரீன்னு சொல்லாம கத்தி வெச்சா சாமி குத்தமுங்க. குடும்பத்துல யாருக்கோ மனசுல கொற இருக்குது. அதான் நிக்குது."

எல்லாத் தலைகளும் இலக்கியா பக்கம் திரும்பின. ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்களோடு இப்போது அவளைப் பார்த்தார்கள்.

"ஒரு வார்த்த சொல்லு சாமி," என்றாள் செல்லாயி. "கொறையில்லீன்னு சொல்லு. எல்லாரும் பசியா இருக்கறாங்க."

அடுப்பிலிருந்து எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இலக்கியா முன்னால் வந்தாள். "ஆட்டுகிட்டக் கேக்கறதத்தானுங்க நானும் கேட்டேன். அவரு சாமிக்கு முன்னால சொல்லட்டும். நாஞ் சொல்றேன்."

பூசாரி கதிரின் உள்ளங்கையில் வெற்றிலை வைத்து அதில் கற்பூரத்தை ஏற்றினார். கதிர் நன்றாகவே சொன்னான். இனி அவளைக் கேட்காமல் படம் பிடிக்க மாட்டேன் என்றான். மாமனார் பேரைச் சொல்லி அழவைத்தது பாவம் என்றான். கை சுட்டும் அவன் உதறவில்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. செல்லாயி மூக்கைச் சிந்தினாள். இலக்கியாவுக்கே நெஞ்சு இளகியது. "செரிங்க," என்றாள். "எனக்குக் கொறையில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. பூசாரி கதிருக்கு நேர் எதிரே நிற்கிறார். சாமி வலப்பக்கம். அவள் இடப்பக்கம். கதிரோ இவர்கள் யாரையும் பார்க்காமல், கன்னத்தைக் கொஞ்சம் சாய்த்து, தாடையை ஏற்றி, வேல்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். இடது கன்னம்தான் தனக்கு எடுப்பு என்று கல்யாண ஆல்பத்தின்போதே போட்டோக்காரரிடம் சொன்னவன் அவன்.

அவள் வேலிடம் போனாள். எலுமிச்சம்பழங்களுக்கும் அரளி மாலைக்கும் நடுவே போனைச் செருகி வைத்திருந்தார்கள். நேரலை. திரையில் அவளுடைய மூக்கு பெரிதாகத் தெரிந்தது. அதன்மேல் இதயங்கள் கொப்புளம் கொப்புளமாக ஏறிப் போயின. மேலே எழுதியிருந்தது: 'பொண்டாட்டி மன்னிப்பாளா?' கீழே யாரோ, 'ஆட்டாங்கல் அக்காவை மறுபடி விழச் சொல்லுங்க ப்ரோ' என்று கேட்டிருந்தார்.

மாலையை அறுத்து போனை எடுத்தாள். கறி நறுக்க வைத்திருந்த புளியங்கட்டையில் அதை மல்லாக்க வைத்தாள். வெட்டுகிறவரின் தோளிலிருந்து அரிவாளை உருவினாள். அவர் இதுவரை பெண்பிள்ளைகளிடம் அரிவாளைக் கொடுத்ததில்லை. அதனால் எப்படிக் கொடுக்காமல் இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இலக்கியா, புதுப் போனு!"

அரிவாள் இறங்கியது. கதிரின் இடது கையும் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தது.

போன் இரண்டாகப் பிளந்தது. ஆள்காட்டி விரலின் நுனி தோலில் தொங்கியது; பக்கத்து விரலில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்து, உடனே சிவந்தது. கதிர் கையை உதறினான். ரத்தம் பட்டு வேட்டியிலும், இலக்கியாவின் சேலையிலும், பூசாரியின் வயிற்றிலும், பக்கத்தில் நின்ற கிடாவின் முகத்திலும் தெறித்தது.

கிடா உடம்பைச் சிலுப்பியது. கொம்பிலிருந்து வால்வரை.

"உத்தரவு குடுத்துருச்சு!" என்று கூட்டம் கத்தியது. இரண்டு பெண்கள் குலவை போட்டார்கள். வெட்டுகிறவர் இலக்கியாவின் கையிலிருந்து அரிவாளை மரியாதையாக வாங்கினார், போன் கண்ணாடியைத் துடைத்தார், ஒரே வெட்டில் கிடாவின் தலையை எடுத்தார். தலை உருண்டு அடுப்பங்கல்லில் மோதி நின்றது. தலையில்லாத உடம்பு கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு விழுந்தது. அங்கே ரத்தம் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

விரலை வெட்ட இலக்கியா நினைக்கவில்லை. சேலைத் தலைப்பைக் கிழித்துக்கொண்டு அவனிடம் ஓடினாள். மண்டியிட்டு, தொங்கிய நுனியைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினாள். "அழுத்திப் பிடிங்க மாமா, விடாதீங்க."

கதிர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தலைக்கு மேலே பார்த்தான்.

"நிலவா! உன்ற போன் இருக்குதில்லடா? எடுறா, விடாத எடு!"

சட்டைப் பையிலிருந்து போன் வந்தது. நிலவன் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து ஃபிரேம் பார்த்தான். "அக்கா, சித்த நவுந்துக்குங்க, ரத்தம் மறையுது."

இலக்கியா கட்டின் கடைசி முடிச்சைப் போட்டாள். அதைப் பாதியில் விடவில்லை. பிறகு எழுந்து நிலவனின் மூக்கில் குத்தினாள். சதை நசுங்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்து அடுப்புக்குப் போய், பொங்கி வழிந்துகொண்டிருந்த பானையைச் சேலையால் பிடித்துத் தூக்கி, அப்படியே நெருப்பில் கவிழ்த்தாள். அடுப்பு சீறி அணைந்தது. குலவை நின்றது. "அய்யோ, சாமி பான!" என்று செல்லாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நாஞ் சொன்ன 'செரி' செல்லாதுங்க," என்று இலக்கியா பூசாரியிடம் சொன்னாள். "திருப்பி எடுத்துக்கறேன்." காவிரியில் இறங்கி முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். யாரும் மறிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் ரத்தம் படிந்த அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாமக்கல்லில் மாறி ராசிபுரம் பஸ்ஸில் ஏறியபோது, பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவள் சேலையைப் பார்த்தாள்.

"கெடா வெட்டுங்களா?"

"ஆமாங்க."

"நல்லா நடந்துச்சுங்களா?"

"கெடாவுக்கு நல்லா நடந்துச்சுங்க."

புதன்சந்தை தாண்டும்போது போன் அடித்தது. நிலவனின் நம்பர். பேசியது கதிர்.

"விரலத் தெச்சுட்டாங்க. ஒட்டிக்குமாம்." அவன் குரல் நிஜமாகவே வலியில் இருந்தது. "டாக்டருகிட்டக் கறி நறுக்கறப்ப பட்டுதுன்னுதான் சொன்னேன். உன்னக் காட்டிக் குடுக்கல. இலக்கியா, எனக்கு நீ வேணும். வந்துரு."

ஆள் பரவாயில்லை என்று காரில் நினைத்த அந்தப் பழைய நினைப்பு அவளுக்குள் மெல்ல அசைந்தது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். இப்ப நான் பேசறது பதிவாகுதுங்களா?"

ஆஸ்பத்திரி மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். உடைந்த மூக்கால் மூச்சுவிடும் சத்தமும் கேட்டது.

"ஸ்பீக்கர்லதான் இருக்குது," என்றான் கதிர்.

"நான் கேட்டது அதில்லீங்க."

பதில் வரவில்லை. அவள் காத்திருந்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸைத் தாண்டிப் போனது.

"நாளைக்குக் காத்தால அண்ணங்கூட என்ற துணியெடுக்க வாரேன்," என்றாள். "அந்நேரம் ஊட்ல நீங்க இருக்கக் கூடாது. நிலவன் இருக்கக் கூடாது. வேற யாரு கையிலயும் போன் இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அண்ணன் லிவர வண்டியில வெச்சுட்டு வரமாட்டான்."

"தெச்ச கையோட நான் எங்க போறது, இலக்கியா?"

"கோயிலுக்குப் போங்க. கறி மிச்சமிருக்கும்."

போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தாள். பக்கத்துப் பெண் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதுவும் காதில் விழாதவள்போல உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"கைல இன்னும் இருக்குதுங்க. கழுவிக்குங்க."