இரண்டு நிமிடம் வெளியே

ராத்கா நான்காவது ஊசியைப் பலகையில் அழுத்திக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இறைச்சிக் கடையின் வெளிச்சுவரில் மாட்டியிருந்த பலகை அது. ஊரில் யார் செத்தாலும் கறுப்புக் கரை போட்ட தாள் அங்கேதான் வரும். திங்கள்கிழமை காலை சூடான சூப்புக்கு நிற்கிற வரிசை அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகும். மார்ச் மாதத்து அழுக்குப் பனி கால்களுக்குக் கீழே சேறாகிக் கிடந்தது.

அவள் குத்திய தாளில் எழுதியிருந்தது கொஞ்சம்தான். ஓல்த்ரிஹ் பாவெல்கா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மார்ச் ஒன்பது, சனிக்கிழமை, அறுபத்தொன்பதாவது வயதில். இறுதிச் சடங்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. மனைவி யார்மிலா, மகள் ராத்கா.

அதற்குப் பக்கத்தில், அதே அளவில், அதே கறுப்புக் கரையோடு இன்னொரு தாள் இருந்தது. போன திங்கள்கிழமை அப்பா தன் கையால் குத்தியது.

'நீண்ட நாள் கோல் வறட்சியால் அவதிப்பட்டு வந்த எங்கள் அருமை ஆந்தைகள், சென்ற சனிக்கிழமை, அறுபது நிமிட வயதில், சொந்தப் பனியில், உறவினர்கள் ஆயிரத்து நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, 0–7 என்ற நிலையில் அமைதியாகக் காலமானார்கள். துயரத்தில்: எதையுமே பார்க்காத கோல்கீப்பர், எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பயிற்சியாளர். மலர்களுக்குப் பதிலாக ஒரு கோல் கொடுத்து உதவவும்.'

ஆந்தைகள் என்பது ஊரின் ஐஸ் ஹாக்கி அணி. அப்பா இருபத்திரண்டு வருடம் அந்த அணியின் பஸ்ஸை ஓட்டியவர். இந்த சீசனில் அவர்கள் தொடர்ந்து தோற்க ஆரம்பித்ததிலிருந்து, திங்கள் தவறாமல் இப்படி ஒரு சாவு அறிவிப்பு எழுதி ஒட்டுவார். பதினாறு தோல்வி, பதினாறு தாள். ஊர் திங்கள்கிழமைக்காகக் காத்திருந்தது. அணிக்காகக் காத்திருப்பதை எப்போதோ விட்டுவிட்டது.

"பதினேழாவது வந்துடுச்சுடோய்!" என்றார் லுபோர். அரங்கத்தில் பெரிய முரசை அடிக்கிறவர் அவர்தான். தொப்பையைத் தள்ளிக்கொண்டு வரிசையை விட்டு வந்து தாளைப் படித்தார். "அட, இந்த வாட்டி தன்னையே போட்டுக்கிட்டானா!"

"ஜோக்கு எங்கடா?" என்றார் பக்கத்தில் இருந்த வெண்டா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "ஒரு வரிகூடக் காணோமே."

"அதான்டா ஜோக்கு. எழுதறதுக்கே இனிமே ஒண்ணுமில்லங்கறான். டிரைவரே செத்துட்டான், பஸ்ஸு எங்க போகும்? கீழ் டிவிஷனுக்குத்தான்." லுபோர் ராத்காவின் தோளைத் தட்டினார். "பொண்ண வேற அனுப்பி வெச்சிருக்கான் பாரு. கறுப்புக் கோட்டு எல்லாம் போட்டு."

"மாமா, அப்பா செத்துட்டார்" என்றாள் ராத்கா.

வரிசை முழுக்கச் சிரித்தது.

"நெஜமாத்தான் சொல்றேன். சனிக்கிழமை சாயந்திரம்."

"ஆமாமா, நாங்களும் சனிக்கிழமைதான் செத்தோம். ஆறுக்கு ஒண்ணுன்னு தோத்து." வெண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "அப்பன் மாதிரியே முகத்த வெச்சுக்கறா பாரேன். உதடுகூட அசையல. டிசம்பர்ல அரங்க வாசல்ல, நெஞ்சுல மெழுகுவத்திய ஏத்தி வெச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தானே, ஞாபகம் இருக்கா? ஆம்புலன்ஸே வந்துடுச்சு!"

அப்போதே அழுதிருந்தால் நம்பியிருப்பார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. மீதி ஊசிகளைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு நடந்தாள். அவர்கள்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். அதற்கும் முடியவில்லை.

ஏனென்றால் சனிக்கிழமை அவளும்தான் சிரித்தாள்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அவள் இருக்கிற ஊரில், கடையில் பணம் கட்டுகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு கையில் பால், ஒரு கையில் சோப்புத்தூள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"ராத்கா, எவனோ ஒருத்தன் என்னைய செவுத்தோட வெச்சு நசுக்கறான்" என்றார் அப்பா. "நெஞ்சுல முட்டியக் குடுத்து. நடுவர் விசிலே அடிக்க மாட்டேங்கறான்."

அவள் சிரித்தாள். "நீ என்ன தப்பு பண்ணுனியோ. ரெண்டு நிமிஷம் வெளிய உக்காருப்பா."

ஆட்டத்தில் தப்பு செய்கிறவனுக்குக் கிடைக்கிற தண்டனை அது. பனியை விட்டு இறங்கி, தனியாக ஒரு பெட்டிக்குள் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். சின்ன வயதில் அவள் முரண்டு பிடித்தால், வாசல் நடையில் செருப்புப் போட உட்காருகிற பலகையைக் காட்டி அப்பா சொல்வார், ரெண்டு நிமிஷம் வெளிய.

"சரி, உக்காந்துக்கறேன்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "ஆட்டம் அஞ்சு மணிக்கு. கேப்பியா?"

"கேக்கறேம்பா" என்று பொய் சொல்லிவிட்டு வைத்தாள்.

நாலரைக்குக் கடையிலிருந்து திரும்பிய அம்மா அவரை அந்தப் பலகையில்தான் பார்த்தாள். சுவரில் சாய்ந்து, கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தாராம். வெளியே கிளம்புகிறார் என்று நினைத்து, "ஷூவ மொதல்ல தொடைச்சுட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போயிருக்கிறாள்.

---

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இல்ல, கூப்பிட முடியாது… இல்ல, அவர் வர மாட்டார்… சரி." வைத்துவிட்டாள். "யாரோ ரசிகர் சங்கமாம். இந்த வாரந்தான் ரொம்பப் பிரமாதம்னு அவர்கிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். வேற என்ன சொல்றது?" அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். மேஜையில் உருளைக்கிழங்கு மலையாகக் குவிந்திருந்தது. "சடங்குக்கு ரொட்டித் துண்டு எத்தனை போடணும்னு கேட்டேனே. அறுபதா, இருபதா?"

"தெரியலம்மா."

"இருவத்திரண்டு வருஷம் ஊர் ஊரா கூட்டிட்டுப் போனாரு. அறுபது பேர் வர மாட்டாங்களா?" அம்மா ஒரு கிழங்கை முழுசாகத் தோலுரித்து முடித்தாள். "ஜோக்குன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தரும் வரலன்னா? நானும் நீயும் அந்த ஹால்ல ஒக்காந்து உருளைக்கிழங்கு சாலட் தின்னுட்டு இருப்போமா?"

ராத்கா எதிரே உட்கார்ந்து இன்னொரு கத்தியை எடுத்தாள்.

"அவர் போனப் பாத்தேன்" என்றாள் அம்மா, நிமிராமல். "கடைசியா உன் பேருதான் இருக்கு. மூணு அம்பத்திரண்டு. ஒரு நிமிஷம்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ஆட்டத்தப் பத்தி" என்றாள் ராத்கா.

அம்மா தலையாட்டினாள். "அதப் பத்தித்தான் பேசியிருப்பாரு" என்றாள்.

பிற்பகல் ராத்கா மறுபடியும் பலகைப் பக்கம் போனாள். அவள் குத்திய தாளின் அடியில் யாரோ நீலப் பேனாவால் எழுதியிருந்தார்கள். 'ஓல்தா, வெள்ளிக்கிழமை பீர் உன் கணக்கு!' ஊர் அப்பாவைக் கூப்பிடுகிற பெயர் அது. கீழே ஒரு ஆந்தைப் படம். ஒரு கண் மூடியிருந்தது.

பக்கத்துத் தாளைப் பிய்த்துப் போடத்தான் கையை நீட்டினாள். 'எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பயிற்சியாளர்' என்ற வரியில் விரல் நின்றது. இதை எழுதும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்திருப்பார். கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டாள். பைக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த உறை இருந்தது. கைக்கடிகாரம், மோதிரம், இன்னும் ஒரு பொருள்.

நேராகப் பீர்க்கடைக்கு நடந்தாள்.

லுபோரும் வெண்டாவும் அடுப்புக்குப் பக்கத்து மேஜையில் இன்னும் நாலைந்து பேரோடு இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் லுபோர் கையை உயர்த்தினார். "வாம்மா, விதவையோட மகளே! எங்க உங்கப்பன்? இன்னுமா ஒளிஞ்சிருக்கான்?"

"வெள்ளிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு மாமா?"

"ஆறு மணிக்கு. கடைசி ஆட்டம். தோத்தா கீழ் டிவிஷன். ஜெயிச்சாலும் கீழ் டிவிஷன்தான்னு வெச்சுக்கோ. எதுக்குக் கேக்கற?"

ராத்கா உறையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்பாவின் சீசன் டிக்கெட். ஓரம் கிழிந்து, டேப் ஒட்டி, போட்டோவில் அவர் ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது வேணுமா?" என்றாள். "ஒரு ஆட்டந்தான் மிச்சம் இருக்கு."

வெண்டா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த அட்டையை ஓல்தா யாரிடமும் கொடுத்ததில்லை. கால் உடைந்தபோது கட்டோடு போனார். மகள் கல்யாணத்தன்று விருந்துக்கு நடுவில் காணாமல் போய், இரண்டாவது பகுதி முடிந்ததும் திரும்பி வந்தார். அவர் முதலாளியின் மருமகனே ஒருமுறை இரவல் கேட்டபோது, கிட்னிய வேணா வாங்கிட்டுப் போங்க என்றாராம். அது அந்த மேஜையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

லுபோர் அட்டையைத் தொடவில்லை. அவர் கை அதற்குப் பக்கத்தில் மேஜைமேல் கிடந்தது. மெதுவாகத் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும்.

"சனிக்கிழமையா?" என்றார் வெண்டா.

"ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப ஆறுக்கு ஒண்ணு அவனுக்குத் தெரியாது."

"தெரியாது."

"நல்லவேளை" என்றார் வெண்டா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

டிக்கெட்டை யாரும் எடுக்கவில்லை. ராத்காவே அதை எடுத்து உறையில் போட்டுக்கொண்டாள். அவள் வெளியே வந்தபோது லுபோரும் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். இறைச்சிக் கடை வரை கூடவே நடந்தார். பலகை முன்னால் நின்று, நீலப் பேனா எழுத்தை எச்சில் தொட்ட கட்டை விரலால் அழிக்கப் பார்த்தார். மை இன்னும் அதிகமாகப் பரவியது.

"நாந்தான் எழுதினேன்" என்றார்.

"விடுங்க மாமா. வேற தாள் இருக்கு."

"காலைல நீ சொன்னே. ரெண்டு வாட்டி சொன்னே. நான் சிரிச்சேன்."

நானும்தான், என்பது ராத்காவின் வாய்வரை வந்தது. புதுத் தாளை நீட்டினாள். லுபோர் ஊசிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் குத்தினார்.

---

வெள்ளிக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. அம்மா அறுபது ரொட்டித் துண்டு போட்டிருந்தாள். நூற்று இருபது பேர் வந்தார்கள். ஆளுக்குப் பாதியாக வெட்டினார்கள். கோட்டுகளுக்கு உள்ளே அணியின் மஞ்சள் துண்டை மறைத்துக் கழுத்தில் கட்டியிருந்தார்கள், சவப்பெட்டியைத் தாண்டும்போது மட்டும் வெளியே இழுத்துவிட்டார்கள். பேச வந்த ஆள் அப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார்: கடமை தவறாதவர், அமைதியானவர். பின்வரிசையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார்கள். அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சவப்பெட்டிக்கு முன்னால் திரை மூடியபோது சில பேர் அதன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து அவர் எட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

ஐந்தேகாலுக்கு எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டு அரங்கத்துக்குக் கிளம்பினார்கள்.

"போங்க, போங்க" என்றாள் அம்மா. "லேட்டாப் போனா அவரு திட்டுவாரு."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய் ரேடியோவைப் போட்டாள். வாழ்நாளில் ஒரு ஆட்டமும் கேட்டவளில்லை. நிலையத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. முள் அங்கேதான் இருந்தது.

ராத்கா வாசல் நடையில் அந்தப் பலகையில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினாள். முதல் பகுதி தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆந்தைகள் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்தார்கள். எதிரணிக்காரனைச் சுவரோடு மோதியதற்காக ஆந்தைகளில் ஒருவன் வெளியே போகிறான் என்றான் அறிவிப்பாளன். இரண்டு நிமிடம்.

அவள் முதுகைச் சுவரில் சாய்த்தாள். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி அங்கயே உக்காந்துட்ட?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "காபி ஆறுது."

"வரேம்மா."

ரேடியோவில் முரசு மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கூட்டம் லேசாகக் கைதட்டியது. நேரம் முடிந்தது, வெளியே இருந்தவன் மறுபடி பனிக்கு வந்துவிட்டான் என்றான் அறிவிப்பாளன்.

ராத்கா எழுந்திருக்கவில்லை. ஒரு காலில் பூட்ஸ் இருந்தது. அதிலிருந்த பனி உருகி, அப்பாவின் துடைக்காத ஷூக்கள் இருந்த பக்கமாக மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.